நாற்று வளரும், நடவில்தான் சிக்கல்

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

மகனுக்கு 8 வயது, எடை 24 கிலோ. ஐந்து வயதில் அடிக்கடி விழ ஆரம்பித்தான். தசை சிதையும்போது ரத்தத்தில் கூடும் சி.பி.கே. என்ற நொதியின் அளவு பல ஆயிரங்களில் இருந்தது. மரபணுப் பரிசோதனையில் தசை நாரைக் கிழியாமல் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்துக்கான மரபணுவில் 48 முதல் 50 வரையிலான எக்ஸான்கள் (மரபணுவின் துண்டுகள்) இல்லை என்று வந்தது. டுஷேன் தசைச்சிதைவு நோய் என்று உறுதியாகி, இரண்டு வருடமாக டெஃப்லசகார்ட் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறான். இப்போதும் நடக்கிறான். படி ஏறக் கைப்பிடி வேண்டும். தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றித்தான் நிமிர்கிறான்.

பெருநகரம் ஒன்றில் உள்ள சிகிச்சை மையம், "குழந்தையின் சொந்தத் தசை ஸ்டெம் செல்களை லேபில் வளர்த்துத் திரும்பச் செலுத்துகிறோம்" என்று சொல்லி, நான்கு தவணை சிகிச்சைக்கு 8 லட்ச ரூபாய் கேட்கிறது. 25,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது. மீதிக்காகக் கணவர் வீட்டுமனையை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார். சிகிச்சைக்கு மூன்று வாரம் முன்பே ஸ்டீராய்டை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்த வேண்டிய நாள் வரும் திங்கட்கிழமை. மையத்தின் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில், சிகிச்சை முடிந்த ஆறு வயதுப் பையன் படி ஏறுகிறான்.

அவர் கேட்பவை: சொந்த செல்தானே, கெடுதல் என்ன வரும்? லேபில் தசை வளர்ப்பதே பொய்யா? அப்பா தன் தசையைத் தரத் தயார், அது உதவுமா? நான்கு வயது மகளின் தொப்புள்கொடி ரத்தம் தனியார் வங்கியில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா? இதற்கெல்லாம் அனுமதி உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் திங்கட்கிழமை விஷயம். ஸ்டீராய்டை நிறுத்தாதீர்கள். இரண்டு வருடம் தினமும் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனதால், மகனுடைய அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்து தூங்குகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. வாந்தி, வயிற்றுவலி, அசதி என்று ஆரம்பித்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நடுவில் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் ஆபத்து இன்னும் கூடும். அப்படிப்பட்ட சமயத்தில் ஸ்டீராய்டு அளவைக் கூட்டித்தான் கொடுப்போம், குறைக்க மாட்டோம். ஏற்கெனவே குறைக்கத் தொடங்கியிருந்தால், மாத்திரை எழுதிக்கொடுத்த நரம்பியல் மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். மாத்திரை தங்காமல் வாந்தி எடுக்கிறான் என்றால் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவமனைக்கே கூட்டிப் போய், "நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளை" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மூன்று வாரம் முன்பே ஸ்டீராய்டை நிறுத்தச் சொல்பவர்களுக்கு இந்த நோயைப் பராமரித்த பழக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நோட்டீஸில் ஒன்று, கொட்டேஷனில் வேறொன்று

நீங்கள் கைப்பட நகலெடுத்து அனுப்பிய மையத்தின் கொட்டேஷனில் இரண்டு வரிகள் என் கண்ணில் பட்டன. "காலை 8 மணி: இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தல், 80 மி.லி. பிற்பகல் 3 மணி: முதுகுத்தண்டு வழி ஊசி."

மையத்தின் விளம்பர நோட்டீஸில் இருப்பது தசை ஸ்டெம் செல். கொட்டேஷனில் இருப்பது எலும்பு மஜ்ஜை. காலையில் எடுத்து மாலையில் போட்டால் நடுவில் இருப்பது ஏழு மணி நேரம். தசை செல் ஒருமுறை இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய ஒரு நாள், சில சமயம் ஒன்றரை நாள் ஆகும். ஆகவே இங்கே எதுவும் வளர்க்கப்படவில்லை. மஜ்ஜையை ஒரு திரவத்தின் மேல் ஊற்றி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, நடுவில் மேகம் போலப் படியும் வெள்ளணு அடுக்கை உறிஞ்சி எடுப்பார்கள். அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். அந்த அடுக்கில் இருப்பவை பெரும்பாலும் ரத்த செல்களும் அவற்றின் முன்னோடிகளும்தான். தசையாக மாறும் செல் என்று சொல்லத்தக்கது அதில் அநேகமாக இல்லை.

அதையும் செலுத்துவது முதுகுத்தண்டு நீரில். டுஷேன் நோயில் தசையை இயக்கும் நரம்புக்கு ஒரு குறையும் இல்லை, குறை தசை நாரில் இருக்கிறது. தண்டுவட நீரில் விட்ட செல் தொடைத் தசைக்கு நடந்து போகாது. தலைவலியும் கிருமித் தொற்றும் அந்த ஊசிக்கே உரிய அபாயங்கள். அதோடு, குழந்தையை அசையாமல் படுக்கவைக்க மயக்க மருந்து தருவார்கள். டுஷேன் பிள்ளைகளுக்கு சக்சினில்கோலின் தரவே கூடாது, இதயம் நின்றுபோகலாம். மூச்சுவழி தரும் மயக்க வாயுக்களையும் தவிர்க்க வேண்டும். இந்த ஊசிக்கு மட்டுமில்லை, பல் பிடுங்கினாலும் கை முறிந்தாலும் இது பொருந்தும். ஒரு அட்டையில் எழுதி அவன் பள்ளிப் பையில் வைத்துவிடுங்கள்.

லேபில் வளர்ப்பது உண்மைதான்

"எல்லாமே பொய்யா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மனிதத் தசை ஸ்டெம் செல்லை லேபில் வளர்க்க முடியும், பல நாட்டு ஆய்வகங்களில் அது அன்றாட வேலை. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால், உங்களிடம் வந்து பேசுபவர் செய்கிறாரா, சொல்ல மட்டும் செய்கிறாரா என்று நீங்களே பிரித்துவிடலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு தசை நாரின் மேலுறைக்கு அடியில் சின்னஞ்சிறு செல்கள் ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இவற்றுக்கு சாட்டிலைட் செல் என்று பெயர் வைத்தார். நார் கிழிந்தால் இவை விழித்து, பிரிந்து பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புது நாராகும். சில மட்டும் பெருகியபின் திரும்பத் தூங்கப் போகும். அந்தச் சிலதான் அடுத்த முறைக்கான விதைநெல். நாம் குருத்தணு, ஸ்டெம் செல் என்றெல்லாம் சொல்வது இந்தக் குணத்தைத்தான்.

லேபுக்கு வேண்டியது தொடையின் வெளிப்பக்கத் தசையிலிருந்து ஒரு துண்டு. ஊசி பயாப்ஸி என்றால் 100 மில்லிகிராம் அளவு, கத்தி வைத்து எடுத்தால் அரை கிராமிலிருந்து ஒரு கிராம். துண்டு உடனே குளிர்ந்த ஊடகத்தில், 4 டிகிரியில் போக வேண்டும். பெட்ரி தட்டில் வைத்துக் கொழுப்பையும் வெள்ளை நிறச் சவ்வையும் பிரித்தெடுத்து, வளைந்த கத்தரிக்கோலால் ஒரு மில்லிமீட்டருக்கும் சின்னதாக நறுக்குவார்கள். கொலாஜனேஸ், டிஸ்பேஸ் என்ற நொதிகளில் 37 டிகிரியில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊறும். குறைந்தால் செல் கழன்று வராது, கூடினால் செல்லின் மேற்புறமே அரித்துப்போகும். பிறகு 100, 70, 40 மைக்ரான் சல்லடைகளில் அடுத்தடுத்து வடிகட்டுவார்கள்.

இப்போது கையில் இருப்பது கலவை. தசை செல்லோடு ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசு செல்லும் இருக்கும், அதுதான் வயலில் கோரை. வேகமாகப் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டுஷேன் பிள்ளைகளின் தசையில் நார்த்தன்மை கூடியிருப்பதால் இந்தக் கோரை இன்னும் அதிகம். களையெடுக்க ஒரு எளிய வித்தை உண்டு: பூச்சில்லாத பிளாஸ்டிக் தட்டில் கலவையை ஒரு மணி நேரம் விட்டால் ஃபைப்ரோபிளாஸ்ட் முதலில் ஒட்டிக்கொள்ளும், மிதப்பவற்றை லாமினின் அல்லது கொலாஜன் பூசிய தட்டுக்கு மாற்றுவார்கள். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் சி.டி.56 என்ற புறப்பரப்புப் புரதத்தைப் பிடிக்கும் காந்த மணிகளால் பிரிப்பார்கள்.

பிறகு 20 சதவீதம் வரை சீரமும் எஃப்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியும் கலந்த ஊடகத்தில் வளர்ப்பு. ஒரு லட்சம் செல்லில் ஆரம்பித்துப் பத்து கோடிக்குப் போக ஆயிரம் மடங்கு பெருக்கம் வேண்டும், அதாவது பத்து முறை இரட்டிப்பு. தினமும் ஒரு இரட்டிப்பு என்று கணக்குப் போட்டாலும், ஒட்டுவதற்கும் தட்டு மாற்றுவதற்கும் ஆகும் நாட்களைச் சேர்த்தால் மூன்று நான்கு வாரம். தட்டு அறுபது எழுபது சதவீதம் நிறைவதற்குள் பிரித்து வேறு தட்டுகளுக்கு மாற்றியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டுவிட்டால் போதும், செல்கள் நெருங்கித் தொட்டு, வரிசையில் நின்று, இணைந்து நீளமான குழாய்களாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும். நோட்டீஸ்களில் அச்சாகும் படம் பெரும்பாலும் அதுதான். ஆனால் இணைந்த செல் இனிப் பிரியாது, நடவுக்கு உதவாது.

கடைசியில் பரிசோதனைகள். டெஸ்மின் என்ற தசைப் புரதத்தைக் காட்டும் சாயத்தில் நூற்றுக்கு எத்தனை செல் தசை வகை, எத்தனை செல் உயிரோடு, கிருமி உண்டா, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி உண்டா, எண்டோடாக்சின் என்ற கிருமி நஞ்சு எவ்வளவு, குரோமோசோம்கள் சரியாக இருக்கின்றனவா. வழக்கமான கிருமிச் சோதனைக்கே 14 நாள் காத்திருக்க வேண்டும். மைக்கோபிளாஸ்மா ஊடகத்தைக் கலங்க வைக்காது, சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது, தனியாகச் சோதித்தால்தான் உண்டு. இந்தச் சோதனைகளின் தாளைக் கேட்டால் தயங்கும் இடத்தில் செல் வளர்ப்பு நடக்கவில்லை, அல்லது நடக்கக் கூடாத விதத்தில் நடக்கிறது.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஒரு இழப்பு உண்டு. தட்டில் பெருகும் செல்களில் பெரும்பாலானவை தூங்கும் குணத்தை இழந்து மயோபிளாஸ்ட் என்ற வேலைக்கார செல்லாகிவிடுகின்றன. நார் கட்டும், விதையாகத் தங்காது. எலிகளில் செய்த ஆய்வில், சில நாள் தட்டில் இருந்ததுமே அதே எண்ணிக்கையிலான செல்களின் சீரமைப்புத் திறன் வெகுவாகக் குறைந்தது. தட்டின் கடினமும் ஒரு காரணம். பிளாஸ்டிக் தட்டு, தசையைவிட லட்சம் மடங்குக்கும் மேல் கடினம். 2010-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹெலன் பிளாவின் குழு, தசையின் மென்மையை ஒத்த ஜெல்லின் மேல் வளர்த்தால் எலிகளில் அந்தக் குணம் கூடுதலாகத் தங்குகிறது என்று காட்டியது.

நடவு

மேலே சொன்னதெல்லாம் நாற்றங்கால் வேலை. நாற்று வளர்ந்துவிடும். முப்பது வருடத்துக்கு மேலாக ஆட்கள் தடுமாறுவது வயலில் இறங்கும்போதுதான்.

1995-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், 12 டுஷேன் சிறுவர்களுக்கு ஒரு கையின் பைசெப்ஸில் மட்டும் மாதம் 11 கோடி செல்கள் வீதம் ஆறு மாதம் செலுத்தினார்கள். மறு கைக்குப் போலி ஊசி. செல் கொடுத்தவர்கள் அப்பாவும் சகோதரர்களும். ஆறு மாதம் கழித்து இரண்டு கைகளின் வலிமையிலும் வேறுபாடு இல்லை. அப்பா தன் தசையைத் தரலாமா என்ற உங்கள் கேள்விக்கு முதல் பதில் இதுதான்.

ஏன் பிடிக்கவில்லை? செலுத்திய செல்களில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே இறக்கிறது. தப்பியவை ஊசி போன தடத்திலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. மற்றவர் செல் என்றால் உடல் நிராகரிக்கும், அதை அடக்க எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து காலமெல்லாம் வேண்டும்.

கனடாவின் கியூபெக்கில் டேனியல் ஸ்கூக்கும் ஜாக் ட்ரெம்ப்ளேயும் இதற்கு ஒரு முரட்டு வழி கண்டார்கள். செல் நகராவிட்டால் ஊசியை நெருக்கிப் போடுவது. கணுக்காலின் முன்பக்கத் தசையில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் 25 ஊசி, 3 கோடி செல். பிடித்தது. அந்தச் சிறு இடத்தில் 3.5 முதல் 26 சதவீதம் நார்களில் டிஸ்ட்ரோபின் தெரிந்தது. இனி வீட்டுக் கணக்குப் போடுங்கள். உங்கள் மகனிடம் ஏழு கிலோ தசை என்று வைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய 7,000 கன சென்டிமீட்டர். 7,000-ஐ 25-ஆல் பெருக்கினால் ஒன்றே முக்கால் லட்சம் ஊசி. செல் 21,000 கோடி. அதிலும் இதயத்துக்கும் உதரவிதானத்துக்கும் இப்படி ஊசி போட முடியாது, உயிரைக் காப்பதோ அந்த இரண்டும்தான்.

ரத்தத்தில் விட்டால் எல்லா இடத்துக்கும் போகாதா என்று தோன்றும். மயோபிளாஸ்ட் ரத்தக்குழாயின் சுவரைத் தாண்டாது. தாண்டக்கூடிய வேறு வகை செல்களை இத்தாலியில் மிலான் நகரில் ஐந்து சிறுவர்களுக்குத் தமனி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள், முடிவு 2015-ல் வெளியானது. பொருத்தமான சகோதரர்களிடமிருந்து எடுத்த செல். சிகிச்சையைத் தாங்கினார்கள், ஆனால் ஒருவருக்கு மூளையில் சிறு அடைப்பு வந்தது. நடையில் தெளிவான பலன் தெரியவில்லை.

அப்படியானால் இது எங்கே உதவும்? இடம் சின்னதாக, ஊசிக்கு எட்டுவதாக இருந்தால் உதவ வாய்ப்பு உண்டு. முதுமையில் விழுங்க முடியாமல் போகும் ஓ.பி.எம்.டி. என்ற தசைச்சிதைவில், நோய் தாக்காத தசையிலிருந்து எடுத்து வளர்த்த சொந்த செல்லைத் தொண்டைத் தசையில் செலுத்தும் சோதனை பிரான்சில் 12 பேருக்கு நடந்தது. சிறுநீர்க் கசிவுக்கான தசை வளையத்தில் செலுத்தும் சோதனைகளும் நடக்கின்றன. இந்தத் துறையின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு, அது சின்னத் தசைகளிலிருந்துதான் வளரும் என்று நினைக்கிறேன்.

சொந்த செல், அப்பாவின் செல், தங்கையின் செல்

"சொந்த செல், அதனால் ஒத்துக்கொள்ளும்" என்பது பாதி சரி. உடல் நிராகரிக்காது. ஆனால் அந்த செல்லிலும் 48 முதல் 50 வரை எக்ஸான் இல்லையே. அது கட்டும் புது நாரிலும் டிஸ்ட்ரோபின் இருக்காது, பழைய நார் போலவே கிழியும். இன்னொன்று: இவன் உடம்பில் சாட்டிலைட் செல்கள் பிறந்ததிலிருந்து ஓயாமல் பழுது பார்த்துக் களைத்திருக்கின்றன. டுஷேன் சிறுவர்களின் தசை செல் தட்டில் குறைந்த முறையே பிரிகிறது என்று 1983-லேயே காட்டியிருக்கிறார்கள். பத்து இரட்டிப்பு என்று மேலே போட்ட கணக்கு இவனிடம் எட்டாமலே போகலாம்.

சொந்த செல்லை எடுத்து, மரபணுவைத் திருத்தி, பிறகு செலுத்துவது என்பது வேறு பாதை. பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனை சார்ந்த சிமோன் ஸ்பூலரின் குழு, வேறொரு வகைத் தசைச்சிதைவை முன்வைத்து இதில் பல வருடமாக உழைக்கிறது. அவர்களும் ஒரு தசையில் ஆரம்பிப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், முழு உடம்பைப் பற்றியல்ல. உங்கள் கொட்டேஷனில் திருத்தம் என்ற சொல்லே இல்லை.

தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தில் இருப்பது ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல். தலசீமியா போன்ற நோய் இருக்கும் அண்ணனுக்கு அது பொருந்தினால் பெரிய உதவி. தசைக்கு அது ஆகாது என்பதற்குத் தற்செயலாக ஒரு சான்று கிடைத்திருக்கிறது. எதிர்ப்புசக்திக் குறைபாட்டுக்காகக் குழந்தைப் பருவத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்துகொண்ட ஒருவனுக்குப் பிற்பாடு டுஷேன் நோய் இருப்பது தெரிந்தது. பல வருடம் கழித்து அவன் தசையைப் பார்த்தபோது, கொடையாளியின் உட்கரு இருந்த நார்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை (0.5 முதல் 0.9 சதவீதம், 2002-ல் வெளியானது). வங்கிக்கு வருடாவருடம் கட்டும் பணத்தை மகனின் பேரால் கட்ட வேண்டியதில்லை.

அந்த வீடியோ

ஆறு வயதுப் பையன் படி ஏறியது உண்மையாகவே இருக்கலாம். டுஷேன் பிள்ளைகளில் ஏறக்குறைய ஏழு வயது வரை வளர்ச்சியின் வேகம் நோயின் வேகத்தை முந்தும், குறிப்பாக ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு. ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு வீடியோவில் அவன் தானாகவே முன்னேறியிருப்பான். சிகிச்சையோடு சேர்த்து இரண்டு வாரம் தினசரி பிசியோதெரபியும் தந்திருப்பார்கள். உங்கள் மகனுக்கு 8 வயது என்பதை இந்த இடத்தில் மறக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட காரணங்களுக்காகச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றம் தவிர வேறெதையும் சிகிச்சையாக விற்க முடியாது. அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடத்தலாம். 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், ஸ்டெம் செல்லிலிருந்து பெறப்படும் மருந்துப் பொருளைப் புதிய மருந்தாகவே கருதுகின்றன. அதனால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.வின் அனுமதி வேண்டும். "மஜ்ஜையை நாங்கள் அதிகம் மாற்றவில்லை, அதனால் அது மருந்தில்லை" என்று சிலர் வாதிடுவார்கள். ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலில் அந்தச் சந்து கிடையாது.

மையத்திடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்:

1. இது சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் பங்கேற்பவரிடம் சோதனை மருந்துக்குப் பணம் வாங்குவது ஏன்? ஆய்வில் பாதிப்பு வந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் நடத்துபவரின் பொறுப்பு.

2. சி.டி.எஸ்.சி.ஓ. அனுமதிக் கடிதத்தின் நகல் எங்கே? மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணை நீட்டினால் அதோடு திருப்தி அடையாதீர்கள். அது பதிவேடு, அனுமதி அல்ல. அந்த இணையதளத்தில் எண்ணைப் போட்டால் எந்த நோய்க்கு, எந்த செல், எத்தனை பேருக்கு என்று இலவசமாகப் பார்க்கலாம்.

3. எந்தத் திசுவிலிருந்து எடுக்கிறீர்கள், எத்தனை நாள் வளர்க்கிறீர்கள், எந்த லேபில்? செலுத்தும் நாளில் உயிருள்ள செல் எத்தனை சதவீதம், தசை செல் எத்தனை சதவீதம்?

4. தமிழில் தகவல் தாள் உண்டா? மகனிடம் யார் விளக்கினார்கள்? ஏழு வயது தாண்டிய பிள்ளையின் வாய்மொழிச் சம்மதத்தையும் ஆய்வில் கேட்டாக வேண்டும்.

அட்வான்ஸ் 25,000-ஐத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தசை செல் என்று விளம்பரம், மஜ்ஜை என்று கொட்டேஷன், இந்த முரண்பாடே உங்கள் வலுவான ஆவணம். தரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் தரலாம். ஐந்து லட்சம் வரை செலுத்திய விஷயத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. மருத்துவர் மீதான புகார் மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு.

மனையை விற்காமல் செய்யக்கூடியவை

டெஃப்லசகார்ட் அளவை எடையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.9 மி.கி., 24 கிலோவுக்கு 21 முதல் 22 மி.கி. வருகிறது. ஐந்து வயதில் எழுதிய அளவிலேயே நின்றுபோன பிள்ளைகளை அடிக்கடி பார்க்கலாம். இரவில் கணுக்கால் ஸ்பிளின்ட், தினமும் குதிகால் தசைநார் நீட்டல். வருடம் ஒருமுறை எக்கோ, மூச்சு அளவுப் பரிசோதனை. பத்து வயதுக்குள் இதயத்துக்கான ஏ.சி.இ. தடுப்பு மருந்தைத் தொடங்குவது பற்றி இதய மருத்துவரிடம் இப்போதே பேசிவைக்கலாம், எக்கோ சரியாக இருந்தாலும். கண்புரை, எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு எடுக்கும்போது, உயிருள்ள கிருமித் தடுப்பூசி எதையும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

48 முதல் 50 வரை இல்லாத பிள்ளைக்கு 51-வது எக்ஸானையும் தாண்டவைத்தால் மரபணு வாசகம் மறுபடி பொருந்திவிடும். அதற்கான எடெப்லிர்சென் மருந்துக்கு 2016-ல் அமெரிக்கா நிபந்தனையோடு அனுமதி தந்தது, ஐரோப்பா மறுத்தது. உண்டாகும் டிஸ்ட்ரோபின் மிகக் குறைவு, விலை மிக அதிகம். இதற்காகவும் மனையை விற்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இதே வழியில் மேம்பட்ட மருந்துகள் ஆய்வில் இருப்பதால், "51 தாண்டலுக்குத் தகுதி" என்ற வரி மகனின் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். ஆய்வுக்கு ஆள் சேர்க்கும்போது அதைத்தான் தேடுவார்கள். அனுமதியில்லாத செல் ஊசி ஒன்று ஏற்கெனவே போட்டிருந்தால், பல ஆய்வுகளில் சேர்க்க மாட்டார்கள் என்பதையும் கணவரிடம் சொல்லுங்கள்.

2021-ன் தேசிய அரிய நோய்க் கொள்கையில் டுஷேன் நோய் மூன்றாம் பிரிவில் இருக்கிறது. அரசு தேர்ந்தெடுத்த உயர்சிறப்பு மையங்களில் பதிவு செய்தவர்களுக்கு 50 லட்சம் வரை உதவிக்கு வழி உண்டு, எதற்குத் தருவது என்பதை மையத்தின் குழு முடிவு செய்யும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தசைச்சிதைவு தனிப் பிரிவாகவே உள்ளது. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிட்டு, மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். வகுப்பறை தரைத்தளத்தில் வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள், இந்த வருடமே.

நீங்கள் கேட்காத ஒன்று மீதி இருக்கிறது. இந்த எக்ஸான் இழப்பு உங்களிடமும் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? ஏறக்குறைய மூன்றில் இரண்டு தாய்மார்களிடம் இருக்கும். மகனின் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் எக்ஸான் இழப்பைக் காட்டும் எம்.எல்.பி.ஏ. பரிசோதனையை உங்கள் ரத்தத்தில் செய்யச் சொல்லுங்கள். இருந்தால் உங்கள் இதயத்துக்கும் சில வருடத்துக்கு ஒருமுறை எக்கோ வேண்டும், உங்கள் சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டும். இல்லை என்று வந்தாலும் அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபியல் ஆலோசனை அவசியம், ஏனென்றால் கருமுட்டைகளில் மட்டும் அது ஒளிந்திருப்பதுண்டு. மகளுக்கு இப்போது அவசரமில்லை. அவள் நன்றாக ஓடுகிறாள் என்றால், நோயைக் கடத்துபவளா என்ற பரிசோதனையை அவள் வளர்ந்து, விஷயம் புரிந்து, தானே கேட்கும் வயதுக்கு விட்டுவைக்கலாம்.